கூப்வ்ரேயிலிருந்து காட்பாடிக்கு

ஓலையில் எழுதிய காலத்தில் நம் ஏடெழுதிகள் புள்ளி வைக்கத் தயங்கினார்கள். எழுத்தாணியால் கீறலாம், வளைக்கலாம், சுழிக்கலாம். குத்தினால் ஓலை பொத்துக்கொள்ளும். மெய்யெழுத்துக்குப் புள்ளி உண்டென்று தொல்காப்பியம் சொல்லியிருந்தும், பழைய ஏடுகளில் பெரும்பாலும் அதைக் காண முடியாது. படிப்பவர்தான் இடம் பார்த்து உயிர்மெய்யா மெய்யா என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். குத்தாமல் எழுதப் பழகிய இந்த மொழிக்குள், குத்துவதைத் தவிர வேறொன்றும் இல்லாத ஓர் எழுத்துமுறை 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்து சேர்ந்தது. அதற்கும் ஓர் எழுத்தாணி உண்டு.

பார்வையற்ற பிள்ளைகளின் பள்ளிகளில் அதை ஸ்டைலஸ் என்பார்கள். உள்ளங்கையில் அடங்கும் குமிழ்ப் பிடி, முனை மழுங்கிய சின்ன ஆணி. அதன் துணை, சிலேட்டு என்கிற சட்டம்: கீலால் இணைந்த இரண்டு தகடுகள். மேல் தகட்டில் வரிசை வரிசையாகச் சிறு கட்டங்கள் திறந்திருக்கும். கீழ்த் தகட்டில் ஒவ்வொரு கட்டத்துக்கும் நேராக ஆறு குழிகள், மூன்று மூன்றாக இரண்டு நிரை. நடுவில் தடித்த தாளை வைத்து மூடி, கட்டத்துக்குள் ஆணியை இறக்கிக் குத்தினால் தாளின் மறுபக்கம் புள்ளி எழும்பும். எழும்பிய பக்கத்தைத்தான் விரல் படிக்க வேண்டும் என்பதால் எழுதுவது வலமிருந்து இடமாக, கண்ணாடியில் தெரிவதுபோல் தலைகீழாக. தாளைத் திருப்பினால் எல்லாம் நேராகிவிடும். அ என்பது இடப்பக்க மேல் புள்ளி ஒன்றுதான்; குத்தும்போது அது வலப்பக்க மேல் குழியில் விழும். ஐந்து வயதுக் குழந்தைக்கு இது குழப்பாதா என்று பார்வையுள்ளவர்கள் கேட்பார்கள். அந்தக் குழந்தைகள் அதிகம் குழம்புவதில்லை. கேட்கிறவர்கள்தான் குழம்புகிறோம்.

இந்தச் சட்டமும் ஆணியும் எப்படிப் பிறந்தன, எப்படி இங்கே வந்தன, இங்கே வந்தும் எந்த வாசலில் நின்றுவிட்டன என்பதுதான் விஷயம்.

பார்வையற்ற பிள்ளைகளுக்கென்று உலகின் முதல் பள்ளிகளில் ஒன்றைப் பாரிஸில் 1780-களின் நடுவில் தொடங்கியவர் வாலன்டின் ஹாயி. பாரிஸ் சந்தை ஒன்றில், பார்வையற்ற சிலருக்குக் கோமாளித் தொப்பியும் கண்ணாடியும் மாட்டிவிட்டு வேடிக்கை பார்த்துச் சிரித்த கூட்டத்தைக் கண்டு மனம் பதறியவர் அவர். நல்ல மனிதர். ஈரத் தாளில் பெரிய ரோமன் எழுத்துகளை அழுத்தி, மேடாக எழும்பவைத்துப் புத்தகம் அச்சிட்டார். பிள்ளைகள் அவற்றை விரலால் தடவிப் படித்தார்கள். ஒவ்வோர் எழுத்தின் வளைவையும் தடவித் தடவி, முதல் எழுத்து மறப்பதற்குள் கடைசி எழுத்துக்குப் போய்ச் சேர வேண்டும். புத்தகங்களோ தூக்க முடியாத கனம். இந்தக் குறைகளைப் பொறுத்துக்கொள்ளலாம். பெரிய குறை வேறு: அந்த எழுத்தைப் பிள்ளைகள் மெல்லப் படிக்கலாம், தங்கள் கையால் எழுத முடியாது. அச்சு எழுத்தை மேடாக்கியதில் வசதி யாருக்கு? புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கும் ஆசிரியருக்கும், நன்கொடை தரும் கனவானுக்கும். இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டால் அடுத்த இருநூறு ஆண்டுகளின் கதை பெரும்பாலும் விளங்கிவிடும்.

சார்ல் பார்பியே என்றொரு முன்னாள் பீரங்கிப்படை அதிகாரி 1821-இல் அந்தப் பள்ளிக்கு ஒரு புது முறையைக் கொண்டுவந்தார். இரவில் விளக்கேற்றாமல் படைவீரர்கள் செய்தி படிப்பதற்காக நெப்போலியன் கேட்டுச் செய்தது என்ற கதை பாடப்புத்தகங்களில் எல்லாம் உண்டு. கதை நன்றாகத்தான் இருக்கிறது. பார்பியே எழுதியவற்றை ஆராய்ந்தவர்களோ, அவர் நினைத்தது படைவீரர்களைவிடப் பள்ளிக்கூடம் பார்க்காத ஏழைகளையும் பார்வையற்றோரையும்தான் என்கிறார்கள். எப்படியானாலும் அவர் செய்தது இரண்டு காரியங்கள். கோடுகளை விட்டுவிட்டுப் புள்ளிகளுக்குப் போனார். அந்தப் புள்ளிகளைக் குத்த ஒரு சட்டத்தையும் ஆணியையும் கொடுத்தார். நிரைக்கு ஆறாக இரண்டு நிரை, மொத்தம் பன்னிரண்டு புள்ளி. விரல்நுனிக்குள் அடங்காத உயரம். எழுத்துக்கூட்டலும் கிடையாது, ஒலியை மட்டும் குறிக்கும். நிறுத்தற்குறி இல்லை, எண் இல்லை.

அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்த மாணவர்களில் ஒருவன் லூயி பிரெய்ல். பாரிஸிலிருந்து நாற்பது கிலோமீட்டர் தள்ளிய கூப்வ்ரே கிராமத்தில் 1809 ஜனவரி 4 அன்று பிறந்தவன். அப்பா குதிரைச் சேணம் தைப்பவர். மூன்று வயதில் அப்பாவின் பட்டறையில் தோல் துளைக்கும் ஊசியை எடுத்து விளையாடியதில் ஒரு கண்ணில் காயம். தொற்று மறு கண்ணுக்கும் பரவிப் பார்வை முழுக்கப் போயிற்று. பத்து வயதில் பாரிஸ் பள்ளியில் சேர்த்தார்கள். பார்பியேயின் பன்னிரண்டைப் பாதியாக்கி, ஆறு புள்ளிக்குள் எழுத்தையும் எண்ணையும் இசைக்குறியையும் அடக்கும் முறையைப் பதினைந்தாவது வயதிலேயே பெரும்பாலும் வகுத்துவிட்டான். 1829-இல் அது புத்தகமாக வந்தது. 1837-இல் திருத்திய பதிப்பு. ஆறு புள்ளிகளைக் கூட்டியும் குறைத்தும் அறுபத்து மூன்று குறிகள். ஒவ்வொன்றும் விரலை நகர்த்தாமலே ஒரே தொடலில் பிடிபடும் அளவு.

பிள்ளைகளிடம் அது தீயாய்ப் பரவியது. நிர்வாகத்திடம் பரவவில்லை. 1840-இல் இயக்குநரான துஃபோ, பார்வையுள்ளவர்களின் எழுத்திலிருந்து வேறுபட்ட எழுத்து பார்வையற்றோரைத் தனிமைப்படுத்திவிடும் என்று கருதியவர். பழைய புத்தகங்களை அகற்றினார். எரித்தார் என்றே வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. வேறொரு வகை மேட்டெழுத்தைப் புகுத்தினார். மாணவர்களோ கிடைத்த கூரான பொருளை வைத்துக்கொண்டு ஒளிந்து ஒளிந்து புள்ளி குத்தினார்கள். ஒருவன் குறிப்பெடுக்க, இன்னொருவன் திருத்த, மூன்றாமவன் கடிதம் எழுத, தடுத்தது யார் தடுக்கப்பட்டது எது என்பதே பொருளற்றுப் போய்விட்டது. துணை இயக்குநர் குவாதே, துஃபோவின் மனத்தை மாற்றினார். 1844-இல் புதுக் கட்டடத் திறப்பு விழாவில் பார்வையாளர்கள் முன்னால் பிரெய்ல் முறையைச் செய்து காட்டினார்கள்.

துஃபோவைக் கொடுங்கோலராகச் சித்திரிப்பது எழுதுகிறவர்களுக்கு வழக்கமாகிவிட்டது. எனக்கு அது பொருத்தமாகப் படவில்லை. அவருடைய வாதத்தை இன்றைய மொழியில் சொன்னால் அது ஒருங்கிணைப்பு வாதம்தான்: எல்லாரோடும் சேர்ந்து இருக்க வேண்டுமானால் எல்லாருடைய எழுத்தையும் பயன்படுத்து. அதில் அவர் பார்க்கத் தவறியது ஒன்றே. சேர்ந்திருப்பதற்கான உழைப்பு முழுவதையும் குழந்தையின் விரலிலேயே அவர் ஏற்றினார். இதற்கு மாறாக, பிரெய்ல் இருபக்கமும் நடந்து பார்த்தார். பார்வையற்றவர் எழுதுவதைப் பார்வையுள்ள வீட்டார் படிக்க வேண்டுமே என்று, ரோமன் எழுத்தின் வடிவத்தையே புள்ளிகளால் வரையும் தனிமுறை ஒன்றை 1839-இல் வெளியிட்டார். பார்வையற்ற நண்பர் ஃபூக்கோ அதற்கு ஒரு பொறியும் செய்தார். பாலம் கட்டியவர் பார்வையற்றவர். எதிர்க்கரையிலிருந்து யாரும் கல் எடுத்து வரவில்லை.

1852 ஜனவரி 6 அன்று காசநோயால் பிரெய்ல் இறந்தார். இரண்டு ஆண்டு கழித்து, 1854-இல், அவர் படித்து, ஆசிரியராக இருந்து, இறந்த அதே பள்ளி அவருடைய முறையை முறைப்படி ஏற்றது. 1878-இல் பாரிஸில் கூடிய பன்னாட்டு மாநாடு அதைப் பொதுமுறையாக்கியது. அமெரிக்காவில் மட்டும் போட்டி முறைகள் சண்டை போட்டு ஓய இருபதாம் நூற்றாண்டில் பல ஆண்டுகள் பிடித்தன. அந்தச் சண்டை நமக்கு வேண்டாம்.

இந்தியாவில் பார்வையற்றோருக்கான முதல் பள்ளி 1887-இல் அமிர்தசரஸில் ஆனி ஷார்ப் தொடங்கியது. பிறகு டேராடூன் பக்கம் ராஜ்பூருக்கு இடம் மாறியது. தமிழ் மண்ணில் 1890-இல் பாளையங்கோட்டை. சர்ச் மிஷன் சங்கத்தின் ஆஸ்க்வித் அம்மையார், பார்வையற்ற சிறுவன் ஒருவனுக்குப் பாடம் சொல்லத் தொடங்கியதில் வளர்ந்தது அந்தப் பள்ளி. அதே பத்தாண்டில் அதே ஊரில் ஃப்ளாரன்ஸ் ஸ்வெயின்சன் காது கேளாத பிள்ளைகளுக்கும் பள்ளி திறந்தார். தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று பாளையங்கோட்டையைப் பெருமையாகச் சொல்லுவோம். அந்தப் பெருமையில் கல்லூரிகளை எண்ணுகிறவர்கள் இந்த இரண்டு பள்ளிகளையும் சேர்த்து எண்ணுவது அரிது.

ஆறு புள்ளி தமிழுக்கு வந்ததும் தமிழுக்கென்று ஒரு பங்கீடு வேண்டியிருந்தது. எந்தக் குறி எந்த எழுத்துக்கு? ஒவ்வொரு பள்ளியும் ஒவ்வொரு மிஷனும் தனித்தனியாக யோசித்தன. நாடு முழுக்க இதே கதை. வங்காளத்தில் லால் பிகாரி ஷா ஒரு முறை வகுத்தார், வடக்கில் ஒன்று, மைசூரில் ஒன்று. ஓர் ஊரில் படித்தவர் அடுத்த மாநிலத்துப் புத்தகத்தைத் தொட்டால் ஒன்றும் புரியாது. அச்சகம் வைப்பதென்றாலும் எந்த முறைக்கு வைப்பது? இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அரசு குழு அமைத்து ஒரு பொதுமுறையை வகுத்தும் பிணக்கு தீரவில்லை. 1949-இல் இந்திய அரசு யுனெஸ்கோவிடம் போனது. யுனெஸ்கோ இந்த வேலைக்கு அமர்த்தியவர் நியூசிலாந்துக்காரர் கிளூத்தா மெக்கன்சி. முதல் உலகப் போரில் கல்லிப்போலியில் பார்வையை இழந்தவர், இரண்டாம் போரின்போது டேராடூனில் பார்வையிழந்த இந்தியச் சிப்பாய்களுக்கு மறுவாழ்வு மையம் நடத்தியவர். தில்லியில் கல்வி அமைச்சகத்திலிருந்து இதற்காக உழைத்தவர் லால் அத்வானி. அரசியல்வாதி அல்லர், பார்வையற்ற அதிகாரி. 1950-இல் பாரிஸிலும் 1951-இல் பெய்ரூத்திலும் கூடிப் பேசினார்கள். அதே 1951-இல் பாரதி பிரெய்ல் நடைமுறைக்கு வந்தது. டேராடூனில் மத்திய பிரெய்ல் அச்சகமும் அந்த ஆண்டே தொடங்கியது. இலங்கையில் தமிழ்ப் பிள்ளைகள் தொடும் குறிகளும் இவைதாம்.

பாரதி பிரெய்லின் விதி எளியது. எல்லா இந்திய மொழிகளிலும் ஒரே ஒலிக்கு ஒரே குறி. முடிந்த இடத்தில் அது ஆங்கிலப் பிரெய்லின் ஒலியோடும் ஒத்துப்போகும். தமிழ்ப் பிள்ளை அகரம் கற்றால் ஆங்கில முதலெழுத்தும் கூடவே வந்துவிடும். ககரம், லகரம், மகரம், பகரம் எல்லாம் அப்படியே. தமிழுக்குள் இந்த முறை செய்திருக்கும் வேலை எனக்கு மிகவும் பிடித்தது. உயிர்மெய்க்குத் தனி வடிவம் கிடையாது. கொ என்று அச்சில் எழுத ககரத்துக்கு முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால். பிரெய்லில் முதலில் க, அடுத்து ஒ, அவ்வளவுதான். மெய் முன்னும் உயிர் பின்னுமாக ஒலிப்பதே உயிர்மெய் என்று இலக்கணம் சொல்வதை அச்செழுத்து மறைக்கிறது. விரலெழுத்து அப்படியே காட்டுகிறது. கொம்பு, கால், விசிறி, சுழி எல்லாம் போய்விட, இருநூற்று நாற்பத்தேழு எழுத்தும் முப்பத்திரண்டு குறிக்குள் அடங்கிவிடும்: உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, ஆய்தம் ஒன்று, பிறகு ஒரு புள்ளி. ஆம், மெய்யின் தலையில் வைக்கும் நம் புள்ளிக்கும் ஒரு குறி உண்டு. வலப்பக்க மேல் புள்ளி, நான்காம் எண். அச்சில் எழுத்தின் மேலே ஏறும் அது இங்கே எழுத்துக்கு முன்னால் வந்து நிற்கும். அம்மா என்றெழுத ஐந்து கட்டம்: அ, புள்ளி, ம, ம, ஆ.

இதற்கு விலையும் உண்டு. எழுத்தைச் சின்னதாக்க முடியாது, விரல்நுனியின் அளவு மாறாதே. தாள் தடித்தது, புள்ளி நசுங்காமலிருக்க அடுக்கும் தளர்வாகவே இருக்க வேண்டும். அச்சில் பையின் ஓரத்தில் செருகும் ஒரு சமூக அறிவியல் புத்தகம், பிரெய்லில் பல தொகுதிகளாகப் பெருகி அலமாரியில் ஒரு தட்டை அடைத்துக்கொள்ளும். படங்கள், வரைபடங்கள் பெரும்பாலும் வராது. கணக்குக்கு வேறு கருவி. எண்கோணத் துளைகள் நிறைந்த டெய்லர் பலகையில் சின்னச் சின்ன உலோகக் கட்டைகளைச் செருகி, திருப்பி வைக்கும் கோணத்தைப் பார்த்து எண்ணை அறிய வேண்டும். பலகை கைதவறிக் கவிழ்ந்தால் கணக்கு முழுதும் தரையில். பிறகு மணிச்சட்டம் வந்தது. கோவை பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்தில் எம்.என்.ஜி. மணியும் அவருடன் இருந்தவர்களும், பார்வையற்ற பிள்ளைக்குக் கணிதம் வராது என்ற பேச்சை ஏற்காமல் ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார்கள். பல மாநிலங்களில் கணக்கை விட்டுவிட்டு வேறு பாடம் எடுக்கச் சொல்வதே கருணை என்று நினைத்திருந்த காலம் அது. கணக்கோடு சேர்த்து எந்தெந்த வேலைக்கான கதவுகள் மூடின என்பதைக் கருணை காட்டியவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

ஆணியும் சட்டமும் மெதுவானவை. ஒவ்வொரு புள்ளியும் ஒரு குத்து. ஆறு விசைகளைச் சேர்த்தழுத்தி ஒரு கட்டத்தை ஒரே தட்டில் எழுப்பும் பொறியை, அமெரிக்காவின் பெர்கின்ஸ் பள்ளியில் மரவேலை கற்பித்த டேவிட் ஆபிரகாம் செய்தார். போர் குறுக்கிட்டதில் உற்பத்தி 1951-இல்தான் தொடங்கியது. நேராகவே எழும், எழுதியதை அங்கேயே தடவிப் பார்த்துத் திருத்தலாம். கனம் கிட்டத்தட்ட ஐந்து கிலோ. சத்தமோ வகுப்பே திரும்பிப் பார்க்கும் அளவு. அந்தப் பெர்கின்ஸ் பிரெய்லர், கடல் கடந்து வேலூர் பக்கம் காட்பாடிக்கு வந்தது. அங்கே வொர்த் டிரஸ்ட் என்ற நிறுவனம், தொழுநோயிலிருந்து குணமானவர்களுக்கு வேலை தரும் பட்டறையாக 1963-இல் ஸ்வீடன் செஞ்சிலுவைச் சங்கத்தின் முயற்சியில் தொடங்கியது. பிறகு பலவகை மாற்றுத்திறனாளிகளும் அங்கே பணியில் சேர்ந்தார்கள். பாஸ்டன் அருகே பிறந்த பொறியை உலகத்துக்காகப் பொருத்தித் தரும் கைகளில் நம் ஊர்க் கைகளும் உண்டு. கிராமப் பள்ளியின் வகுப்பறைக்குள் அது எத்தனை தூரம் போயிருக்கிறது என்பது வேறு கேள்வி.

அதற்குத்தான் வருகிறேன். ஆறு புள்ளி வாழ்ந்த வீடு சிறப்புப் பள்ளி. பாளையங்கோட்டை, பூந்தமல்லி, திருச்சி புத்தூர். அங்கே ஆசிரியருக்கு பிரெய்ல் தெரியும். பல நேரம் அவரே பார்வையற்றவர். பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளைக்குத் தெரியும், விடுதியில் அக்காக்களுக்குத் தெரியும். திட்டு வாங்கினால் திட்டியவரைக் கேலி செய்து குத்திய சீட்டைக் கையோடு கை மாற்றலாம். எழுத்து உயிரோடு இருப்பதென்றால் அதுதான். ஆனால் அதற்காக ஐந்தாறு வயதில் வீட்டையும் ஊரையும் விட்டு விடுதிக்குப் போக வேண்டும். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் அந்தக் குழந்தையை லீவில் மட்டும் பார்ப்பார்கள். இது சரியில்லை என்று 1960-களில் கோத்தாரி ஆணையம் சொன்னது: முடிந்த அளவு பொதுப் பள்ளியில் சேருங்கள். 1974-இல் மத்திய அரசு ஒருங்கிணைந்த கல்வித் திட்டம் கொண்டுவந்தது. 1994-இல் சலமாங்கா மாநாடு உலகளவில் அதையே வலியுறுத்தியது. பிறகு 1995-இன் மாற்றுத்திறனாளிகள் சட்டம், 2009-இன் கல்வி உரிமைச் சட்டம், 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். குறைபாடுடைய பிள்ளை ஆறிலிருந்து பதினெட்டு வயதுவரை அருகமைப் பள்ளியிலோ, விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ கட்டணமின்றிப் படிக்கலாம் என்கிறது கடைசிச் சட்டம். பிள்ளை வீட்டிலிருந்தே பள்ளிக்குப் போகலாம், அண்ணன் தம்பியோடு போகலாம். நல்லது, மிக நல்லது.

பிள்ளை வந்துவிட்டாள். எழுத்து அவளுடன் வரவில்லை.

பொதுப் பள்ளி வகுப்பில் நாற்பது பேர். கரும்பலகையில் எழுதியதை ஆசிரியர் சத்தமாகச் சொன்னால் அவளுக்குக் கிடைக்கும். "இதைக் கூட்டி இங்கே போடுங்க" என்று விரலால் காட்டினால் கிடைக்காது. வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியர் வாரத்தில் சில நாள் வருவார். அவருக்கு ஒரே பள்ளி இல்லை, வட்டாரம் முழுக்கப் பிள்ளைகள். சிறப்புக் கல்வியில் பட்டமும் பட்டயமும் ஒவ்வொரு குறைபாட்டுக்கும் தனித்தனி. அறிவுத்திறன் குறைபாட்டுக்குப் பயின்றவர் வரும் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்குத் தேவை பிரெய்லாக இருக்கும். இத்தனை பிள்ளைக்கு ஒரு சிறப்பாசிரியர் என்று பொதுப் பள்ளிகளுக்கும் விகிதம் வகுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் சொன்னது. எண்ணிக்கை கூடினால் பாதி தீரும். அப்படியும், அந்த ஆசிரியர் வராத நாளில் அவள் குத்திய கட்டுரையைப் படிக்கப் பள்ளியில் ஒருவர் இல்லை. யாரும் படிக்காத எழுத்தை எந்தப் பிள்ளை எத்தனை நாள் எழுதும்? மெல்ல மெல்லச் சட்டமும் ஆணியும் பைக்குள்ளேயே தங்கிவிடும். அவள் காதால் படிக்கத் தொடங்குவாள். கைபேசி வாசித்துக் காட்டும், அம்மா வாசித்துக் காட்டுவாள், தேர்வு வந்தால் சொல்வதை எழுதுபவர் வருவார், கூடுதலாக ஒரு மணி நேரமும் தருவார்கள். தேறிவிடுவாள், நல்ல மதிப்பெண்ணும் வாங்குவாள்.

சொல்வதை எழுதுபவர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தச் சலுகைக்காகப் போராடியவர்களின் உழைப்பு பெரிது. ஆனால் அவள் மொழித்தாளில் எந்த னகரம் எந்த ணகரம் என்று முடிவு செய்தது யார் கை? காதுக்கு நகரமும் றன்னகரமும் ஒன்றே. மனம், மணம், வலி, வழி, வளி, அரம், அறம். நம்மில் பலர் நாக்கில் இவை கலந்தே ஒலிக்கின்றன, கைபேசிக் குரலிலும் அப்படித்தான். பார்வையுள்ள பிள்ளை கடைப்பலகையிலும் சினிமாச் சுவரொட்டியிலும் இந்த வேறுபாட்டை ஆயிரம் தடவை கண்ணில் வாங்கிக்கொள்கிறான். பார்வையற்ற பிள்ளைக்கு அந்தச் சுவரொட்டி பிரெய்ல் புத்தகம்தான். விரலில் ந நான்கு புள்ளி, ண நான்கு புள்ளி, அமைப்பு வேறு. ன இரண்டே புள்ளி. தொட்டவளுக்கு ஒருநாளும் மாறாது. பிரெய்ல் இல்லாமல் பத்தாம் வகுப்பு தாண்டியவள் கேட்டறிந்தவளாக, நினைவாற்றல் மிக்கவளாக இருக்கலாம். தமிழை எழுதத் தெரிந்தவள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பார்வையுள்ள பிள்ளை யாராவது எழுதவே கற்காமல் பள்ளியை முடித்தால் நாம் ஊரைக் கூட்டியிருப்போம்.

கருவி வந்துவிட்டதே, இனி பிரெய்ல் எதற்கு என்று ஒரு பேச்சு உண்டு. கருவியும் புள்ளியும் எதிரிகள் அல்ல. 1999-இல் யூனிகோடு பிரெய்லுக்கு இடம் ஒதுக்கியது, எட்டுப் புள்ளி வடிவங்களையும் சேர்த்து மொத்தம் 256. கணினியில் எழுதிய தமிழ்ப் பாடத்தை மென்பொருளே புள்ளியாக மாற்றிப் பிரெய்ல் அச்சுப்பொறிக்கு அனுப்பும். ஊசிகள் மேலெழுந்து வரியை மாற்றிக்கொண்டே இருக்கும் மின்பிரெய்ல் கருவி, அலமாரியை அடைத்த புத்தகங்களைக் கைப்பைக்குள் கொண்டுவந்துவிட்டது. அதன் விலையைக் குறைக்க ஆர்பிட் ரீடர் போன்ற முயற்சிகள் நடந்தன. பெங்களூருக்காரர்கள் ஆனி என்றொரு கருவி செய்தார்கள், குழந்தை தானே பிரெய்ல் கற்க. பதிப்புரிமை குறுக்கே நின்றதும் பெருமளவு விலகியது: 2012-இல் இந்தியச் சட்டம் திருத்தப்பட்டது, 2013-இன் மராக்கேஷ் உடன்பாட்டை முதலில் உறுதிசெய்த நாடும் இந்தியாதான். ஆகவே பள்ளி திறக்கிற அன்று மற்றப் பிள்ளைகளுக்கு அச்சுப் புத்தகம் தரும்போதே இவளுக்கும் பிரெய்ல் புத்தகம் தராததற்கு இனித் தொழில்நுட்பத்தைக் காரணம் காட்ட முடியாது. பாடநூலின் கணினிக் கோப்பை அச்சகத்துக்குப் போகிற அன்றே பிரெய்ல் அச்சகத்துக்கும் அனுப்ப வேண்டும். அது கடிதப் போக்குவரத்தின் வேகத்தைப் பொறுத்த விஷயம்.

ஆசிரியர் பயிற்சியில் ஒரு தவறான பயம் ஊறியிருக்கிறது: பிரெய்ல் கற்பது கடினம், அது நிபுணர் வேலை. விரலால் வேகமாகப் படிக்கக் குழந்தைக்கு ஆண்டுக்கணக்கில் பழக்கம் வேண்டும் என்பது உண்மை. ஆசிரியருக்கு அந்தப் பழக்கம் தேவையே இல்லை, அவர் கண்ணால் படிக்கலாம். முப்பத்திரண்டு குறி, நிறுத்தற்குறிகள், எண்கள். காலாண்டு விடுமுறை போதும், தலைகீழாகக் குத்தப் பழக இன்னும் கொஞ்ச நாள். வெள்ளைத் தாளில் வெள்ளைப் புள்ளி என்பதால் தாளை நேரே பார்த்தால் ஒன்றும் தெரியாது. சன்னலோரம் சாய்த்துப் பிடித்து வெளிச்சம் பக்கவாட்டில் விழச் செய்தால் நிழல் விழுந்து வரிகள் தெளியும். திருத்திய பிறகு சிவப்பு மையில் மதிப்பெண் போட்டால் அவளுக்குத் தெரியாது, அதையும் குத்தித்தான் தர வேண்டும். எண்களுக்குத் தனி வடிவம் இல்லை. எண்குறியை முன்னால் வைத்துவிட்டு ஆங்கில முதற்பத்து எழுத்துகளையே எழுத வேண்டும். அந்த எண்குறியும் தமிழ் ணகரமும் ஒரே வடிவம், மூன்று நான்கு ஐந்து ஆறு. முதல் வாரம் ஆசிரியர் இதில் தடுமாறுவார். வகுப்பில் ஒருத்திக்குத் தெரியும், அவளிடம் கேட்டுக்கொள்ளலாம்.